பச்சைக் கூரையும் ஐந்து சிவந்த முகங்களும்

தனியாக ஓர் அறை மட்டும் கிடைத்துவிட்டால் நான் ஓவியனாகிவிடுவேன் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். திறமை, பயிற்சி, பொறுமை என்பதெல்லாம் அறை கிடைக்காதவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வார்த்தைகள் என்பது என் கருத்து.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மேற்கு மாம்பலம் வீட்டு ஹாலில், ஃபிரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கான்வாஸை நிறுத்தி வரைந்துகொண்டிருந்தேன். யாராவது தயிர் எடுக்க வந்தால் நான் எழுந்து நின்று வழிவிட வேண்டும். சாயந்திரங்களில் தி. நகரில் பிள்ளைகளுக்கு டிராயிங் கிளாஸ். மலை, மலைக்கு நடுவே சூரியன், பக்கத்தில் இரண்டு தென்னைமரம். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி தனி அறை என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி தாங்க முடியாமல், "போய்த் தொலைங்க, ஃபிரிட்ஜையாவது நிம்மதியா திறக்கலாம்" என்று அனுமதி கொடுத்தாள்.

மயிலாப்பூரில் ஒரு மொட்டைமாடி அறை கிடைத்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கதவு, மேலே பச்சை நிற ஃபைபர் ஷீட். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஷீட் வழியாக வெளிச்சம் பொழிந்தது. வீட்டுக்காரர் எழுபது வயது மாமா. வாடகை பேசுவதற்கு முன்பே விசாரணை தொடங்கியது.

"நீங்க வெஜிடேரியன்தானே?"

"மாமா, அங்க சமைக்கப் போறதில்ல. படம்தான் வரையப் போறேன்."

"அதுக்காகத்தான் கேக்கறேன். பிரஷ்ஷெல்லாம் பன்னி ரோமத்துல பண்றாளாமே? செல்போன்ல பார்த்தேன்."

என் தோள்பையில் பன்னி ரோமத்தில் செய்த பிரஷ் ஒரு கட்டு இருந்தது. "நம்மளது நைலான் மாமா" என்றேன். பை கனத்தது.

"சரி. கரண்ட் கனெக்‌ஷன் கெடையாது. டர்பன்டைன் வாசனை ஆத்துக்குள்ள வரப்படாது. கதவைச் சாத்திண்டுதான் வேலை பண்ணணும்."

சாத்திக்கொண்டேன். உள்ளே நான் பட்ட பாட்டை இட்லிக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். ஆனாலும் அது என் அறை. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் செல்போனில் எடுத்துவைத்திருந்த முகங்களை வரைய ஆரம்பித்தேன். பூக்காரம்மா, குழந்தை, சீசன் டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடும் குமாஸ்தா, இன்னும் இரண்டு பேர். போனைப் பார்ப்பேன், கான்வாஸைப் பார்ப்பேன். கான்வாஸில் முகம் எப்போதும் கொஞ்சம் வெளிறினாற்போல் தெரியும். கொஞ்சம் சிவப்பு சேர்ப்பேன். இன்னும் கொஞ்சம். போனில் இருப்பதுபோலவே வந்த பிறகுதான் நிறுத்துவேன். ஆயில் பெயின்ட் காய நாளாகும் என்பதால் படங்களை அங்கேயே சாத்தி வைத்துவிட்டுக் கிளம்புவேன். ஒன்றைக்கூட வெளியே எடுத்ததில்லை.

சித்திரை மாதம் மாமி மொட்டைமாடி முழுவதும் வடாம் பிழிந்துவிட்டாள். கால் வைக்க இடமில்லை. "வடாம் காயற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்கோ" என்று தடை போட்டாள். கலையைவிட வடாம் பெரிதா என்று கேட்க நினைத்தேன். மாமியின் முகத்தில் பதில் இருந்ததால் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் மறுபடியும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியை வரைந்தேன். வீட்டில் பார்க்கச் சுமாராக இருந்தது. அறைக்குத் தூக்கிப் போய் மற்ற படங்களோடு வைத்தால், கசாயம் குடித்த முகம் மாதிரி பச்சையடித்துத் தெரிந்தது.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்ததோ வேறு: வீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கலை வராது. அந்தப் படத்திலும் சிவப்பைப் பூசிச் சரிசெய்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன்.

"என் மூஞ்சில கை வெச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்றாள்.

அடையாறில் கேலரி நடத்தும் ஒரு அம்மையார், வளர்ந்துவரும் ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சி வைப்பதாகக் கேள்விப்பட்டு அவரை அறைக்கு அழைத்தேன். என்னிடம் வளர்ந்துகொண்டிருந்தது தொப்பை ஒன்றுதான், இருந்தாலும் அழைத்தேன். வந்தார். கதவைச் சாத்தினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிறிது நேரம் பார்த்தார்.

"ஸ்கின் டோன் ரொம்ப நேச்சுரலா இருக்கே சார்! ஆறு படத்தையும் கொண்டாங்க. சுவர்ல வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். ஒரு சுவர் உங்களுக்குத் தரேன்."

ஒரு சுவர்! அன்றிரவு வீட்டில் எல்லாச் சுவர்களையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறித்த நாளில் படங்களைப் போர்வையில் சுற்றி இறக்கி, வாசலில் ஆட்டோவில் ஏற்றினேன். போர்வை நழுவியது. உச்சி வெயில். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், ஃபுல் ஃபேமிலியும் ஜுரத்துல கீது?"

பார்த்தேன். பூக்காரம்மா தக்காளியாக இருந்தாள். குழந்தை பீட்ரூட். குமாஸ்தாவை யாரோ கன்னத்தில் மாறிமாறி அறைந்திருந்தார்கள். பச்சைக் கூரை பாவி, கான்வாஸையெல்லாம் பச்சையாகக் காட்டியிருக்கிறது. செல்போனோ சொந்த வெளிச்சத்தில் உண்மையைக் காட்டியிருக்கிறது. நான் இரண்டையும் சமாதானம் செய்துவைக்கக் குடம் குடமாகச் சிவப்பை ஊற்றியிருக்கிறேன்.

"போலாமா சார்? வெயில்ல இன்னும் செவந்துறப் போறாங்க."

திரும்பிப் போய்விடலாமா, ஆட்டோ கவிழ்ந்துவிட்டது என்று சொல்லலாமா, ஆட்டோவை நிஜமாகவே கவிழ்த்துவிடலாமா என்று அடையாறு பாலம் வரை யோசித்தேன். கவிழவில்லை. கேலரியில் வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. படங்களை வரிசையாகச் சாத்தியதும் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"கோபம் மேடம். இது கோபத்தைப் பற்றிய வரிசை."

"பூக்காரம்மாவுக்கு என்ன கோபம்?"

"பூ விக்கல மேடம்."

"சரி, குழந்தைக்கு?"

"அதுக்கும்... பூ விக்கல."

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். நான் விடவில்லை. "மேல மட்டும் ஒரு பச்சை லைட் போட்டா..." என்றேன்.

"இது கேலரி சார், மீன் தொட்டி இல்ல."

கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தேன். சுவர் போயிற்று, மானம் போயிற்று, இனி வாழ்நாள் முழுவதும் தென்னைமரம்தான் என்று முறையிட்டேன்.

"என் படம் என்னாச்சு?" என்றாள்.

"அதப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன்."

வெளியே வந்தேன். வரிசையின் கடைசியில் சாத்தியிருந்த பீன்ஸ் படத்தின் முன் அம்மையார் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "இதை எந்த ரூம்ல வரைஞ்சீங்க?" என்று கேட்டார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் என்று சொன்னேன்.

எனக்கென்று சொன்ன சுவரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பீன்ஸ் நறுக்கும் படத்தை மட்டும் உள்ளே நுழையும் இடத்தில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மற்ற ஐந்தும் அதே ஆட்டோவில் திரும்பி வந்தன. அந்த மாதக் கடைசியில் மயிலாப்பூர் அறையைக் காலி செய்தேன்.