சாலமோனுக்கு அப்புறம் யார்

எதிரே வருகிறவரின் இடுப்பைக் கண்ணால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாலமோன் ஸ்தோத்திரம் சொல்வார். மடி ஒரு பக்கம் புடைத்திருந்தால் பார்வை அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருப்பது வெற்றிலைப் பொட்டலம்தான் என்று தீர்மானமான பிறகே அது முகத்துக்கு ஏறும். பினாங்குத் துறைமுகத்தில் அரிசிக் கிடங்கு வாசலில் தலை நரைக்கும்வரை காவல் நின்ற கண் அது. வெளியே போகும் கூலிகளின் மடியைத் தட்டிப் பார்ப்பதும், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மோந்து பார்ப்பதும்தான் உத்தியோகம். அந்தச் சீமையில் அதற்கு ஜாகா என்று பெயர்.

"ஜாகா தூங்கினாகூட தவுக்கே மன்னிச்சிடுவான். எவனையாச்சும் நம்பிட்டான்னா மன்னிக்க மாட்டான்" என்பார். தவுக்கே என்றால் கிடங்கின் சீன முதலாளி.

வேலையை விட்டுவிட்டு, ஒரு ட்ரங்குப் பெட்டியோடு, தங்கை பாப்பாவின் வீட்டை ஒட்டி ஓர் அறை போட்டுக்கொண்டு குடியேறினார். ஊர் திருப்போரூரிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் மண்பாதையில், கால்வாய்க்கு இப்பால் இருக்கிறது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் உப்பளம். நடுவில் ஒரு சர்ச்; அதைச் சுற்றியிருக்கும் வீடுகளில் பாதிப் பேர் சவுக்குக் கட்டையைப் படகில் ஏற்றுகிறவர்கள், மீதிப் பேர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நடுகிறவர்கள். அரை டிரவுசரும் கான்வாஸ் பூட்சும் போட்டுக்கொண்டு விடிகாலையில் கால்வாய்க் கரையில் சும்மாவே வேகமாக நடக்கிற மனிதரை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இன்னாத்துக்கு அண்ணா இந்த ஓட்டம்? ஆரு தொரத்தறாங்க?" என்று பாப்பா கேட்டாள்.

"வயசு தொரத்துது."

நடை முடிந்ததும் மிளகு தட்டிப் போட்ட வென்னீர். பிறகு முழங்காலுக்கு நல்லெண்ணெய். பிறகு கையை முன்னும் பின்னும் வீசி ஒரு பயிற்சி. அதைப் பார்க்கக் கால்வாய்ப் படகுகள் வேகம் குறைக்கும் என்று கட்டை ஏற்றும் ஏசுபாதம் சொல்வான். சோற்றைக் கூழாகும்வரை மெல்லுவார். பீடி கிடையாது, கள் கிடையாது. அறுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. இதெல்லாம் நல்ல பெயர் வாங்கித் தரவேண்டிய சமாசாரங்கள். ஆனால் அவர் வந்து இறங்கியது ஐம்பத்தேழாம் வருஷத்து வைகாசியில்.

அவர் ட்ரங்குப் பெட்டியை இறக்கிச் சில நாள்தான் ஆகியிருக்கும், புளூ ஜுரம் வந்தது. ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் படுத்தார்கள். சவுக்குக் கட்டை கரையிலேயே குவிந்து கிடந்தது. படகில் ஏற்ற நிற்கத் தெம்புள்ள ஆள் இல்லை. திருப்போரூர் டீக்கடையில் யாரோ பேப்பர் படிக்கக் கேட்டுக்கொண்டு வந்த ஏசுபாதம், படுத்திருந்தபடியே கூட்டாளிகளுக்குச் சேதி சொன்னான்.

"ஜுரம் கப்பல்ல வந்துதாம்பா. நம்ம ஊருக்கு கப்பல்ல வந்தது இன்னா கீது? ஒரு ட்ரங்கு பொட்டி, ஒரு சாலமோனு."

ஊர் முழுக்கப் படுத்திருக்க, நடமாடியது சாலமோன் ஒருவர்தான். பெரிய அண்டாவில் நொய்க்கஞ்சி காய்ச்சி வீடு வீடாக எடுத்துப் போனார். ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. கஞ்சியை வாங்கிக் குடித்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததும் முதலில் யோசித்தது அதைத்தான். நம்மையெல்லாம் புரட்டிப் போட்ட ஜுரம் இந்த மனுஷனை மட்டும் ஏன் தொடவில்லை? ஊரில் ஒரே ஒரு சாவு விழுந்தது. அது நாற்று நடப்போகும் எல்லம்மாளின் புருஷன் முத்துசாமி. சவப்பெட்டியைத் தூக்கச் சாலமோன் தோளைக் கொடுக்கப் போனபோது, அவருக்கு முன்னால் இன்னொரு தோள் வந்து நுழைந்துகொண்டது. மறுபக்கம் போனார். அங்கேயும் இடமில்லை.

இதையெல்லாம் அவர் பார்க்காமல் இல்லை. பார்த்ததற்குத் தம் தொழில் கணக்கில் அர்த்தம் பண்ணிக்கொண்டார். சீமையிலிருந்து வந்தவன் கையில் காசு இருக்கும், அதைக் கறக்கத் திட்டம் போடுகிறார்கள், அதனால்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நினைத்தார். ட்ரங்குப் பெட்டிக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார்.

சர்ச்சில் நடந்ததுதான் அவரை ரொம்ப உறுத்தியது. மாதத்துக்கொரு ஞாயிறு செங்கல்பட்டிலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். ஊர்க்காரர்கள் அவரை ஐயர் என்பார்கள். பீடத்துக்கு முன்னால் மரத்தடுப்பில் வரிசையாக மண்டியிட வேண்டும். எல்லோருக்கும் திராட்சரசம் ஒரே பாத்திரத்தில்; வாய்க்கு வாய் அது நகர்ந்துகொண்டே போகும். ஜுரத்துக்குப் பிறகு சனங்களுக்குப் பக்தி முற்றிவிட்டாற்போல் இருந்தது. ஐயர் அழைக்கும் முன்பே கிழவர்கள்கூட எழுந்து ஓடினார்கள். சாலமோன் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், நடுவில் உட்கார்ந்து பார்த்தார். எங்கே உட்கார்ந்தாலும் அவரைச் சுற்றி ஒரு தள்ளுமுள்ளு நடந்து, முடிவில் கடைசி ஆளாக மண்டியிடுவது அவராகவே இருந்தது.

ஜாகாவின் மூளை வேலை செய்தது. 'திராட்சரசம் எனக்குச் சேராதபடிக்குக் குடித்துத் தீர்க்கிறார்கள்!'

ஐயர் சைக்கிள் ஏறப்போன சமயம் போய் நின்றார். "ஐயா, நம்ப ஜனங்க மடமடன்னு இஸ்துடறாங்க. கடைசி ஆளுக்கு அடிமட்டந்தான் வருது. அடுத்த மாசம் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க."

ஐயர் சைக்கிள் மணியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்.

அடுத்த மாதம் பாத்திரம் தளும்பியது. சாலமோனிடம் வரும்போதும் முக்கால்வாசி இருந்தது. வாய் வைத்துத் திருப்தியாகக் குடித்தார். மிச்சத்தை எப்போதும் ஐயரே பீடத்தருகில் நின்று குடித்து முடிப்பார், அதுதான் முறை. அன்று பாடல் நடந்துகொண்டிருக்கும்போதே ஐயர் பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தில் கண்ணாக இருந்தார்கள். சாலமோனின் கண் மட்டும் பின்னாலேயே போயிற்று. வேப்பமரத்தடியில் ஐயர் குனிந்து அதை மண்ணில் ஊற்றுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கையைக் கேட்டார். "இன்னாடி பாப்பா, ஐயரு மீதிய கீழ ஊத்தறாரு?"

பாப்பா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஊத்தினா ஊத்தட்டும். ஒனுக்கு இன்னா நஷ்டம்?"

"நெறைய ஊத்துங்கன்னு சொன்னதே நான்தான். இவுங்க குடிச்சி தீத்துடறாங்களேன்னு."

பாப்பாவின் கை நின்றது. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். "அய்ய, நீ இன்னாண்ணா, இத்தினி ஊரு சுத்திட்டு வந்தும் வெவரமே இல்லாம கீற. அவங்க குடிச்சி தீக்கறதுக்கு ஓடல. ஒன் வாயி பட்டப்புறம் குடிக்கக்கூடாதுன்னு ஓடறாங்க." மீனைத் திரும்பக் கையில் எடுத்தவள், அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானுந்தான் ஓடறேன். போதுமா?"

அதற்குப் பிறகு சாலமோன் சர்ச்சுக்குப் போகவில்லை. திருப்போரூருக்குப் போய் பினாங்குக் கப்பல் எப்போது என்று விசாரித்துவிட்டு வந்தார். அங்கே அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. இங்கே எஞ்சிய காலத்தைச் சொந்தச் சனங்களோடு கழிக்கலாம், செத்தால் தெரிந்த முகம் நாலு பேர் தூக்குவார்கள் என்றுதான் வந்திருந்தார். தோள் கொடுக்க இடம் கிடைக்காத அந்த நாள் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. நடையை மட்டும் விடவில்லை. கரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஏசுபாதம் அதையும் விடவில்லை.

"இன்னா மச்சான், கோயில் பக்கம் ஆளையே காணோம்? ஜுரம் ஒனுக்கு வாடகை பாக்கி வெச்சிகீதா, ஒன்னத் தொடவே பயப்படுது?"

சாலமோன் நடையை இன்னும் எட்டிப் போட்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நடுப்பகலில் எல்லம்மாள் வந்து வாசலில் நின்றாள். புருஷன் போனதிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடன் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார். பழக்க தோஷத்தில் பார்வை இடுப்புக்குப் போய்விட்டது.

"இன்னா பாக்கற? மடியில ஒண்ணும் இல்ல" என்றாள் எல்லம்மாள். "ஒன்ன ஒண்ணு கேக்கணும்னு மனசுல வெச்சிகினு இருந்தேன். நீ வந்த கப்பல்ல ஆருக்குனா ஜுரம் இருந்துதா?"

பாப்பா சொன்னதற்கு அப்புறம் டீக்கடையில் இதே கேள்விக்கு எத்தனையோ தடவை, "ஒருத்தன்கூட தும்மல" என்று அவர் சத்தியம் பண்ணியிருக்கிறார். அந்தப் பதில் வாய்வரை வந்து நின்றது.

"இருந்துது. கீழ்த்தட்டுல பாதிப் பேரு படுத்துகினு இருந்தாங்க."

"ஒனுக்கு?"

"இல்ல."

"ஒனுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"தெரியல எல்லம்மா. நான் கொண்டாந்தேனா இல்லியான்னு எனுக்கே தெரியல. அத்தத்தான் ரோசன பண்ணிகினே கீறேன். கஞ்சி எடுத்துகினு ஒன் வூட்டுக்கு வராம இருந்திருந்தா..."

எல்லம்மாள் போகத் திரும்பினாள். "கஞ்சில உப்பு கம்மின்னு எங்க வூட்டு ஆளு சொல்லிச்சு" என்றாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அது குற்றம் சொன்னதா, இல்லையா? சாலமோன் அந்த வார்த்தையைக் கூலி மடியைத் தட்டுவதுபோல் எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானோ என்னவோ, புது வருஷத்து முதல் ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஐயர் அழைத்தார். வழக்கம்போல ஓட்டம். பாப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள். ஓடியவர்கள் எல்லோரும் மண்டியிட்டு எழுந்து வந்த பிறகு, உட்கார்ந்தே இருந்தாலும் பார்ப்பார்கள், போனாலும் பார்ப்பார்கள் என்ற நிலைமையில் சாலமோன் எழுந்துபோய்த் தடுப்பின் ஓரத்தில் மண்டியிட்டார். பின்னால் கால் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு இடது பக்கம், பாத்திரம் அவரைத் தாண்டித்தான் போகவேண்டிய இடத்தில், எல்லம்மாள் வந்து மண்டியிட்டாள்.

பாடலில் ஒரு அடி அறுந்து, பிறகு நாலைந்து குரல் மட்டும் தொடர்ந்தது. சாலமோனுக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. துக்கத்தில் வரிசை மறந்துவிட்டாளா? ஏசுபாதம் பந்தயம் கட்டி அனுப்பினானா? பிறகு வேறொரு பயம் வந்தது. ஒருவேளை ஊர் சொல்வது சரியாக இருந்தால்? அவர் தடுப்பைப் பிடித்து எழுந்து, அவளுக்கு அந்தப் பக்கம் போய்க் கடைசியாக மண்டியிடப் பார்த்தார்.

முழங்கால் தரையை விட்டு எழும்புமுன் எல்லம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். ஐயர் வந்தார். பாத்திரம் சாலமோனின் உதட்டில் சாய்ந்தது, நிமிர்ந்தது. ஐயர் அதைத் துடைக்கத் துணியை எடுக்கும் முன்பே, பிடித்த பிடியை விடாமல், மற்றக் கையால் எல்லம்மாள் பாத்திரத்தைத் தன் வாய்ப்பக்கம் இழுத்தாள்.