கட்டிலுக்கு அடியில் வளர்த்தது

ஜெனி, பிரவீன்... இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்குத்தான் எழுதுகிறேன். வழக்கமாகப் படிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ஜெனிக்கு மறுபடியும் நெபுலைசர் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "வீட்டுல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல மேடம். சுத்தமா வச்சிருக்கோம்."

பிரவீன், நீ முந்திக்கொண்டாய். "இருக்கே அப்பா! கட்டிலுக்கு அடியில... நாமதான வளக்கறோம்!"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது பூஞ்சை என்றே எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது வேலை.

தொம்மலூரில் ஒரு ஆபீசுக்கு அலமாரி போடப் போயிருந்தேன். அங்கிருந்த ஒரு மேடம் போனில் ஒரு மரக் கிண்ணத்தைக் காட்டினார். வெளிர் மரம், அதில் பேனாவால் கிறுக்கியது போல மெல்லிய கருப்புக் கோடுகள். "யாரும் வரையலண்ணா, பூஞ்சை போட்ட கோடு. உங்களால முடியுமா?" என்றார்.

முடியாது என்று சொல்கிற தச்சன் உண்டா?

மாமரத் துண்டு ஒன்றை நனைத்து, கூடவே உளுத்த கட்டை ஒன்றையும் வைத்து, ஈர மரத்தூளில் புதைத்து, பிளாஸ்டிக் மூட்டையாகக் கட்டினேன். ஒரு பூஞ்சை இன்னொரு பூஞ்சையைச் சந்திக்கிற இடத்தில் எல்லை போட்டுக்கொள்ளுமாம். அதுதான் அந்தக் கோடு. மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

பொம்மசந்திரா பட்டறையில் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். "பேடா குரு, பேடா! வேணாம்! நல்ல பலகைக்கெல்லாம் ஒட்டிக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ!"

பலகைக்கு ஆகாதது வீட்டுக்கு ஆகும் என்று நானும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நீலசந்திராவில் நம்முடையது ஒற்றை ரூம். வேறு எங்கே வைப்பது? ஜெனி, உனக்கு இளைப்பு அதிகமானதும், தரை ஜில்லென்று இருக்கிறதே என்று உன்னைக் கட்டிலுக்கு மாற்றினோம். அடியில் அந்த மூட்டை. பூஞ்சைக்கும் மூச்சு வேண்டுமே என்று அதில் ஓட்டை போட்டது நான்தான். சனிக்கிழமை தோறும் அவிழ்த்துத் தண்ணீர் தெளித்ததும் நான்தான்.

கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் வரும்போது உங்கள் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "பொண்ணு மூச்சுக்குத் தவிக்கறா... நீ காளானுக்கு ஜன்னல் வச்சிக்கினு இருந்தியா?"

வேலை என்று பேர் வைத்துவிட்டால் போதும், அப்பாக்களுக்கு அது வீட்டில் எவ்வளவு இடம் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை வீட்டில் எத்தனை மூட்டைகளோ!

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. முன்னாடியே இளைப்பு இருந்திருக்கு" என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான். ஆறுதல்தானா அது? அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லையே...

மறுநாள் மூட்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு அறுத்தேன். என் மூக்குக்கு மட்டும் துணி! உள்ளே கோடு கோடாக... அவ்வளவு அழகான மரத்தை என் வாழ்நாளில் அறுத்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வேண்டாம் என்ற மேஸ்திரியே ஓடி வந்தார். "சூப்பர் குரு! இன்னொரு மூட்டை போடேன்!"

மேடத்துக்குப் போன் செய்து, என்னால் முடியாது என்றேன்.

மூட்டை போய்விட்டது. ஜெனிக்கு இழுப்பு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் சர்ச்சுக்குப் போன பிறகு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, மூட்டை இருந்த இடத்தில் மல்லாந்து படுத்தேன். ஜெனி இழுப்பது போல மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

எனக்கு நன்றாகத்தான் வந்தது.