குணா அண்ணன் போட்ட ரிசீவர்

செய்தி வந்தபோது எடைமேடையில் உப்பு லாரி ஒன்று நின்றிருந்தது. நான் வண்டி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். போனில் என் வீட்டுக்காரர், "குணா அண்ணன் போயிட்டாரு பிலோமினா" என்றார். எங்கே போயிட்டாரு, இன்னும் வேலைக்கே வரலையே என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மடச்சி. காலையில் டீ குடித்துவிட்டு, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சரோஜா அக்காவிடம் சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் வாசலைத் தாண்டவில்லையாம். லாரி டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

மரக்காணத்தில் உப்பு ஏற்றிப் போகிற எவருக்கும் குணசேகரனைத் தெரியும். பத்தொன்பது வருஷம் நானும் அவரும் அந்த எடைமேடை அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவரை நினைத்து நல்லதாக நாலு வரி எழுதினால் போதும் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் நேற்று முப்பதாம் நாள் காரியத்தில் எதிர்ப்பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "நல்ல மனுஷன்தான். கூடப்பொறந்த தம்பி மேலயே ரிசீவர் போட்டாரே, அதான் மனசுக்கு ஒப்பல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். துக்க வீட்டில் சண்டை எதற்கு என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் மாதிரியே நம்பிக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன். குணா அண்ணன் தம்பி மேல் எந்த ரிசீவரும் போடவில்லை. அந்தப் பேச்சு கிளம்பியது என் வாயிலிருந்து.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். சரோஜா அக்காவுக்குச் சர்க்கரை நோயால் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. சினிமா என்றால் உயிரை விடுகிறவர். பார்வை போன பிறகும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "எல்லார் குரலும் ஒரே ஓட்டையிலருந்து வருது, யாரு எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னே தெரியல" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் அண்ணனைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிக்கு ஹோம் தியேட்டர் ஒயரிங் செய்துகொண்டிருந்தார். அண்ணன் அங்கே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். படத்தில் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் கொலுசு சத்தத்தோடு நடந்து போனாளாம்; இவர் திரும்பிப் பார்த்துவிட்டாராம். மறுநாள் வந்ததும் அதைத்தான் சொன்னார். "சரோஜாவுக்கு இது போட்டுடணும் பிலோமினா. யாரு எங்க நிக்கிறாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

ஸ்பீக்கர்களை வாங்குவது சுலபம். அத்தனை ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற தலைமைப் பெட்டிதான் ரிசீவர். அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் மனுஷர் பாண்டிச்சேரிக் கடைக்காரர்களைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கடைப் பையன் சத்தமாக ஒரு பாட்டைப் போட்டான். அண்ணன் பாட்டை நிறுத்தச் சொன்னார். எதுவும் ஓடாமல் பெட்டி மட்டும் ஆனில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கடையே எங்களைப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. "முதல்ல காலி எடை பாக்கணும். சும்மா இருக்கும்போது இரையற பெட்டி, பாட்டு போட்டா மட்டும் ஒழுங்கா இருக்குமா?" என்றார். இரண்டு பெட்டிகளை அப்படியே கழித்துக் கட்டினார்.

வாட்ஸ் கணக்கில் அவரை ஏமாற்ற முடியவில்லை. அட்டையில் போட்டிருந்த எண்ணைப் பையன் பெருமையாகக் காட்டினான். எத்தனை ஸ்பீக்கர் ஓடும்போது இந்த வாட்ஸ் என்று அண்ணன் கேட்டார். அவன் முழித்தான், புத்தகத்தைப் புரட்டினான், இரண்டு ஓடும்போது என்றான். அண்ணனுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "ரெண்டு சக்கரத்தை மட்டும் மேடையில ஏத்திட்டு எடை சொல்றாம்மா இவன். அஞ்சும் ஓடும்போது எவ்ளோன்னு சொல்லச் சொல்லு." அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் ஒயர் மாட்டுகிற இடங்களைத் தடவிப் பார்த்து, உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடிக்குமா, பிடித்தால் பாண்டியிலேயே ரிப்பேர் பார்ப்பீர்களா என்று விசாரித்தார். இப்படியே இரண்டு மாதம். பகலில் வண்டி வராத நேரமெல்லாம் எங்கள் அறையில் ரிசீவர் பேச்சுதான். ஐந்து ஸ்பீக்கருக்கானது போதுமா, ஏழுக்கானது வேண்டுமா. கடைக்காரர்கள் பாஷையில் ஐந்து சேனலா, ஏழு சேனலா என்பதில்தான் வந்து நின்றார்.

இங்கேதான் நான் கெடுத்தேன். அண்ணனுக்கும் தம்பி ராமமூர்த்திக்கும், அப்பா நடத்திவந்த உப்பளத்தில் வாய்க்கால் தகராறு. கடல் தண்ணீரைப் பாத்திகளுக்குக் கொண்டுவருகிற ஏழு வாய்க்கால்களை எப்படிப் பிரிப்பது என்பதில் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. வழக்கு என்று எதுவும் இல்லை. வக்கீல் நோட்டீஸ் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் போனதோடு சரி. அந்த நேரத்தில் ராமமூர்த்தியின் மனைவி என்னைச் சந்தையில் பார்த்து, மாமா எதற்கு அடிக்கடி பாண்டிக்கு அலைகிறார் என்று கேட்டாள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னேன். "ரிசீவர் போடத்தான் அலையறாரு. இந்த மாசத்துக்குள்ள போட்டுடுவாரு."

உப்பளக்காரர்களுக்கு ரிசீவர் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். வழக்கு முடியும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் நியமிக்கிற ஆள். எங்கள் பக்கத்தில் ஓர் உப்பளத்துக்கு அப்படி ரிசீவர் போட்டு, இரண்டு தரப்பும் உள்ளே கால் வைக்க முடியாமல், வரப்பு உடைந்து பாத்தியெல்லாம் மண் மூடிக் கிடக்கிறது. அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுத்தான் போவோம். நானும் கொட்டியிருக்கிறேன். இருந்தும் அன்றைக்கு என் மண்டையில் அது உறைக்கவே இல்லை. இரண்டு மாதமாக அந்தப் பெட்டியைப் பற்றியே கேட்டுக் கேட்டு, எனக்கு அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் மறந்தே போயிருந்தது.

நாலாம் நாள் ராமமூர்த்தி எடைமேடைக்கு வந்தார். உப்பு வாருகிற காலம், ஐந்தாறு லாரி வரிசையில் நின்றன. அறைக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றே, "ரிசீவர் போடப் போறியாமே?" என்றார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் தம்பி வாய் திறந்து பேசியதில் அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமாண்டா. போடத்தான் போறேன். அஞ்சு சேனலா ஏழு சேனலான்னுதான் யோசனையா இருக்குது" என்றார். வக்கீல் நோட்டீஸில் அந்த வாய்க்கால்களுக்கு எழுதியிருந்த பெயரும் சேனல்தான். ராமமூர்த்திக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏழையும் நீயே எடுத்துக்க. அப்பா பேரையும் சேத்து எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் டிரைவர்கள் முன்னால் கத்திவிட்டுப் போனார். அண்ணன் ஒன்றும் புரியாமல், இவனுக்கு இன்னா வந்துச்சி என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சந்தையும் கத்தரிக்காயும் ஞாபகத்துக்கு வந்தன.

அழுதுகொண்டே சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்றுபோனார். "நான் கோர்ட்டுக்குப் போவேன்னு அவன் நம்பிட்டான் பாரு பிலோமினா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. இப்போதே போய் விளக்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார். "நீ சொன்னா காதாலதான் கேப்பான். செட்டைப் போட்டுட்டுக் கூப்பிடுறேன். கண்ணால பாக்கட்டும், வெக்கப்பட்டுச் சிரிப்பான்." அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்கு ஆசை. அந்த ஆசையை நான் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் ஏழு சேனல் பெட்டியையே வாங்கினார். தூக்கிப் பார்த்ததில் அதுதான் கனம், உள்ளே சரக்கு இருக்கிறது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் விளையாட்டாக அதை எடைமேடையில் இறக்கி வைத்தோம். நாற்பது டன் தாங்குகிற மேடை பூஜ்யத்தைக் காட்டியது. "பாத்தியா, இவ்ளோ அலைஞ்சும் கணக்குல ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார். சரோஜா அக்கா முதல்முறை கேட்டபோது நானும் இருந்தேன். படத்தில் மழை பெய்தது. அக்கா கையை நீட்டி, "பின்னாடி ஜன்னலை மூடுங்களேன்" என்றார். அண்ணன் எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலை இன்னொரு தடவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தம்பியைக் கூப்பிட்டது, எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு நான் லீவு போட்டிருந்த நாளில். இருந்திருந்தால் தடுத்திருப்பேன். அந்தப் பக்கம் போகிற டிரைவரிடம், "ரிசீவர் போட்டாச்சு, வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அடக் கடவுளே. அதைக் கேட்ட ராமமூர்த்தி, "பாத்துக்கிறேன்னு சொல்லு" என்று பதில் அனுப்பியிருக்கிறார். மறுநாள் நான் வந்ததும் அண்ணன் ஒரே சந்தோஷம். பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டான், வந்துவிடுவான் என்றார். அண்ணே, அது வேற பாத்துக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னேன். "எந்தம்பி பேச்சு எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு" என்றார். நானும் சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் போடுவதற்கு முன், தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாராம். எட்டு மாதம் அப்படி உட்கார்ந்திருந்தார்.

ராமமூர்த்தி வந்தது சாவுக்குத்தான். பந்தலிலேயே நின்றவரைச் சடங்குக்காக உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணனை டிவிக்கு எதிரே கிடத்தியிருந்தது. சுவரைச் சுற்றி ஸ்பீக்கர்கள், நடுவில் கறுப்புப் பெட்டி. இதெல்லாம் இன்னா அண்ணி என்று கேட்டார். சரோஜா அக்கா குரல் வந்த பக்கம் திரும்பி, "அதான் தம்பி ரிசீவரு. உங்கண்ணன் எனக்காகப் போட்டது. உங்களைப் பாக்க வரச் சொன்னாரே" என்றார். ராமமூர்த்தி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். எடுக்கிற நேரத்தில் நாலு பேர் சேர்ந்துதான் அவர் கையைப் பிரித்தோம்.

பதினாறாம் நாள் அவரிடம் போய், எல்லாம் என் வாயால் வந்தது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். "நீ சொன்னதுக்காக நம்பலம்மா" என்றார். "எனக்கு அவர் மேல கோவம். நம்பணும் போல இருந்துச்சி, நம்பிட்டேன்."

அண்ணன் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. லாரி எண்ணை நான் தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இல்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லும்போது, இவருக்கு இது என்னவாகக் கேட்கும் என்று இப்போதெல்லாம் ஒருகணம் நின்றுதான் பேசுகிறேன். அதற்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்க வேண்டாம். போன வாரம் அவருடைய மேஜை டிராயரைச் சுத்தம் செய்தபோது, எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கம் பென்சிலில் படம் வரைந்திருந்ததைப் பார்த்தேன். அவர் வீட்டுக் கூடம். சுவரோரம் ஏழு கட்டம், ஏழு ஸ்பீக்கர். எதிரே ஆள் உட்காருகிற இடங்களுக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒன்றின் கீழே சரோ. ஒன்றின் கீழே 'நான்', அதாவது அவர். நடுவில் இருந்ததன் கீழே ராமு. சீட்டைத் திருப்பினேன். எங்கள் எடைச்சீட்டில் தேதி தானாக அச்சாகும். தம்பி ஜன்னலோரம் நின்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டுப் போனதற்கு மறுநாள் தேதி.

சீட்டை ராமமூர்த்தியிடம் கொடுத்துவிட்டேன், அது அவருக்குச் சேர வேண்டியது. கொடுப்பதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். குணா அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.