மாட்டாமல் போன பலகை

எங்கள் வாசற்படியை ஒட்டி ஒரு தகரப் பலகை கிடக்கிறது. மஞ்சள் பெயின்ட் அடித்து, அதன்மேல் சிவப்பில் 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று எழுதிய பலகை. அதன்மேல் எங்கள் நாயின் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கிண்ணத்தைப் பார்ப்பார்கள், பிறகு பலகையைப் பார்ப்பார்கள், கடைசியாக என்னைப் பார்ப்பார்கள். வாடகை எவ்வளவு என்று கேட்ட ஒருவரிடம், அதை நாயிடம்தான் கேட்க வேண்டும், நாங்களே அதன் தயவில்தான் குடியிருக்கிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வேடிக்கைப் பேச்சுக்கு அது புதிய அனுபவமும் இல்லை. ஆனால் நான் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பலகை எங்களை வெளியே அனுப்புவதற்காக மாடிப்படி ஏறி வந்தது. கொண்டு வந்தவர் எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா.

மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் மாடி வீடு அது. கீழே அந்த அம்மா தனியாக இருந்தார். மேலே இரண்டு போர்ஷன். ஒன்றில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நானும் என் மனைவியும். இன்னொன்றில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி. சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறவர். ஹவுஸ் ஓனர் அம்மா கோபப்பட்டுக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மரியாதை குறையாமல் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'உங்க தலைக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?' என்று அவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்வதா, விசாரித்ததற்கு நன்றி சொல்வதா என்று எனக்குக் குழப்பமாகிவிடும். மோட்டார் போடும் நேரம், கோலத்தை மிதிக்காமல் வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சொல் உண்டு. சொன்னால் சொன்னதுதான்.

நாயைக் கூட்டி வந்தது என் மனைவி. அவிநாசி ரோட்டில் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் போட்டு வைக்கும் குடோன் ஒன்றைக் காலி செய்து ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஊளைச் சத்தம் கேட்டு, நாய்களைக் காப்பாற்றும் குழுக்காரர்கள் வந்து பூட்டை உடைத்து எடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஷெட்டில் அது சாப்பிட மறுத்து மெலிந்துகொண்டே போனது. ஒரு நாள் நான் கம்பெனியிலிருந்து வந்தபோது கிரைண்டருக்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன. உடம்பு முழுக்க நூல் துணுக்கு ஒட்டியிருந்ததால் பிசிறு என்று பெயர் வைத்துவிட்டதாக மனைவி சொன்னாள். பெயர் வைத்த பிறகு என்னிடம் கேட்க என்ன இருக்கிறது. கீழேயும் தகவல் போய்விட்டது. சத்தம் போடாமல் இருந்தால் இருக்கட்டும் என்று ஹவுஸ் ஓனர் அம்மா அனுமதி கொடுத்திருந்தார்.

பிசிறுக்கு மனிதர்களைக் கண்டு பெரிய பயமில்லை. தகரச் சத்தம்தான் ஆகாது. தட்டு கீழே விழுந்தால், பீரோக் கதவு திறந்தால், கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டால், அது கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லாவற்றையும்விடப் பூட்டுச் சத்தம் மோசம். நாங்கள் வேலைக்குக் கிளம்பி வெளியே பூட்டினால் மறுபடி குடோனுக்குள் அடைபட்டதாகவே அது நினைத்துக்கொள்ளும். நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ஊளை தொடங்கிவிடும்.

இந்தப் பயத்தைப் போக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என் வாய்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கட்டிங் செக்ஷனில் நான் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும். அதில் பாதி என்னைப் பார்த்துச் சிரிப்பது என்று எனக்குத் தெரியும், ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. ஆகவே நாயோடு பேசினேன். பாடினேன். கை தட்டினேன். கிரைண்டருக்குப் பின்னாலிருந்து இழுத்து மடியில் வைத்து, தலை முதல் வால்வரை தடவிக்கொண்டே என் பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னேன். அது நடுங்கியது. என் அன்பில் நனைந்து நடுங்குகிறது என்று எண்ணினேன். நனைந்தது என் வேட்டி.

பகல் ஊளையை அண்ணாச்சி முதலில் பொறுத்துக்கொண்டார். பிறகு சிவந்த கண்ணோடு கீழே போய் நின்றார். அன்று மாலை ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்து, அவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே பேசினார். "தம்பி, ராத்திரி பூராச் சாயத் தண்ணியில நின்னுட்டு வர்றவரு. அவருக்கும் கண்ணு மூடணுமில்லீங்களா? மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேனுங்க. அப்பவும் இப்படியே இருந்தா போர்டு மாட்டீருவேன். நாயக் கொண்டுபோய் விடறதா, நீங்க வேற ஊடு பாக்கறதான்னு நீங்களே பேசிக்கோங்க."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம். ஷெட்டுக்குத் திரும்பப் போனால் பிசிறு சாப்பிடாது. நாயோடு வருகிறோம் என்றால் அந்த வட்டாரத்தில் எவரும் வீடு தர மாட்டார்கள். நான் விசாரித்த இரண்டு இடத்திலும் நாய் என்ற சொல்லுக்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்து இல்லை என்றார்கள். மனைவி சமையலறையில் பாத்திரங்களைத் துணி சுற்றி அடுக்க ஆரம்பித்தாள். காலி செய்யத்தான் கட்டுகிறாள் என்று பதறினேன். சத்தம் வராமல் இருக்க என்றாள்.

மறுநாள் கம்பெனியில் ஓர் அவசர ஆர்டர். பனியன் துணி, அதை அழுத்திச் சமன் செய்யும் காம்பாக்டிங் மெஷினில் இறுகச் சுற்றி ரோலாக வரும். வந்த சூட்டிலேயே வெட்டக் கூடாது. ரோலைப் பிரித்து, மேசைமேல் தளர்வாக மடித்துப் போட்டு, ஒரு நாள் சும்மா விட வேண்டும். எங்கள் பாஷையில் துணி ரிலாக்ஸ் ஆக வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் முதல் துவைப்பில் பீஸ் சுருங்கி, அப்பாவுக்குத் தைத்தது பிள்ளைக்குத்தான் ஆகும். அன்று ஒருவர் துணியை இழுத்துச் சமன் செய்துகொண்டிருந்தார். நான் பாய்ந்தேன். இழுக்காதே, தடவாதே, கையை எடு, நீ பக்கத்தில் நின்றாலே போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று செக்ஷன் அதிரக் கத்தினேன். செக்கிங் டேபிளிலிருந்து என் மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இதையே ஊட்டுக்கு வந்து உங்களுக்கு நீங்களே ஒருக்காச் சொல்லிக்கோங்க."

செக்ஷன் முழுக்கச் சிரித்தது. இந்த முறை முழுச் சிரிப்பும் என்னைப் பார்த்துத்தான். பதினைந்து வருஷமாகத் துணியை நம்பிச் சும்மா விட்டு வைக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு நாயை அப்படி விடத் தோன்றவில்லை.

அன்று மாலை சாம்பல் நிறப் பனியன் துணித் துண்டொன்றைக் கொண்டு வந்து வாசல் பக்கம் விரித்தேன். கொஞ்சம் தள்ளி வெறுந்தரையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பேச்சில்லை, கூப்பிடல் இல்லை, பிஸ்கட் நீட்டல் இல்லை. வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கிடப்பது எனக்கு எத்தனை பெரிய தண்டனை என்பதை என்னைத் தெரிந்தவர்கள் அறிவார்கள். வீடு இப்படி அமைதியானதில் கலவரப்பட்டு ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்துவிட்டார். தம்பிக்கு உடம்புக்கு என்ன என்று மனைவியிடம் கேட்பது என் காதில் விழுந்தது. நாய்க்கு வைத்தியம் நடக்கிறது என்றாள் இவள். "நாய் நின்னுட்டு இருக்குது, அவரு படுத்துட்டு இருக்கறாரு. வைத்தியம் யாருக்குங்க?" என்றார் அந்த அம்மா. எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. விழுங்கினேன்.

பிசிறு கிரைண்டருக்குப் பின்னாலிருந்து முதலில் மூக்கை மட்டும் அனுப்பியது. வேறொரு நாள் துணியின் ஓரத்தை முகர்ந்தது. பிறகு என் குதிகாலை முகர்ந்து, அது அவ்வளவு பிடிக்காமல் துணிக்கே திரும்பியது. ஒரு மாலை துணிமேல் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. மேசைமேல் கிடக்கும் துணி நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் மறுநாள் வந்து பார்த்தால் ஓரம் உள்ளே வந்திருக்கும். இறுக்கம் போயிருக்கும். அந்த மூச்சு எனக்கு அப்படித்தான் இருந்தது. எழுந்து கை தட்டத் தோன்றியது. கையை இடுப்புக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன்.

பூட்டுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. கொண்டியில் துணி சுற்றினோம். சாவியை எடுத்துத் திரும்ப வைப்போம். பூட்டி உடனே திறப்போம். நான் செருப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டு, பாதிப் படி இறங்கி, திரும்பி ஏறி வந்து ஒன்றும் நடக்காததுபோல் பேப்பர் படிப்பேன். பிறகு முழுப் படியும் இறங்குவேன். பிறகு வண்டியைத் தெருமுனைவரை உருட்டிப் போய் வருவேன். மதியச் சாப்பாட்டுக்கும் வந்து எட்டிப் பார்ப்பேன். ஹவுஸ் ஓனர் அம்மா கீழே பூண்டு உரித்தபடி இந்த ஊர்வலங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஏனுங்க தம்பி, மறுபடியும் எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்பார். "ஆமாங்கம்மா, போறதுக்கு மறந்துட்டேனுங்க" என்பேன்.

அந்த நாட்களில் ஒரு காலையில் கீழே கேட்டைத் திறந்தபோது சத்தமே வரவில்லை. கீலில் எண்ணெய் வழிந்திருந்தது. என் வீட்டில் யாரும் போடவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். துருப்பிடிக்கிறது, அதனால்தான் என்றார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே அந்தக் கேட்டில் துரு இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றைச் சொல்லாமல் விடும் பழக்கம் கொஞ்சம் படிந்திருந்தது.

ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. அண்ணாச்சியை வைத்துக்கொண்டு சொன்னது வேறு. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த நேரம், படியில் அவர் காலடி கேட்டது. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். அவர் ஒரு கையில் இந்தத் தகரப் பலகை, இன்னொரு கையில் கட்டுக் கம்பி. எங்கள் பால்கனிக் கிரில்லில் மாட்டினால்தான் ரோட்டுக்குத் தெரியும். பால்கனிக்குப் போக எங்கள் வாசலைத் தாண்ட வேண்டும். வாசலில் பிசிறு துணிமேல் நான்கு காலையும் நீட்டி, வயிறு தெரியப் படுத்து, வீட்டுப் பத்திரம் தன் பெயரில் இருப்பதுபோல் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் நின்றார். கையில் தகரம் லேசாக வளைந்து 'டிங்' என்றது. பிசிறின் ஒரு காது எழுந்தது. உடனே அவர் பலகையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். காது மெல்ல இறங்கியது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி கதவைத் திறந்து சோம்பல் முறித்துக்கொண்டே வெளியே வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, "நாயக் கொண்டு விட்டாச்சுல்லா? பெறவு என்னத்துக்குப் போர்டு? கொஞ்ச நாளா நல்ல ஒறக்கம்" என்றார். அவருக்கு அது இங்கேதான் இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஹவுஸ் ஓனர் அம்மா அவர் பக்கம் திரும்பினார். "மெதுவாப் பேசுங்க. தூங்குதில்லீங்க" என்றார்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தன் தூக்கத்தை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். பிறகு அந்த அம்மா முழங்கால் சொடுக்கக் குனிந்து, பலகையின் ஒரு விளிம்பைத் துணியின் ஓரத்தில் வைத்து, மெதுவாகச் சாய்த்து, கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டார். இத்தனை சத்தமில்லாமல் ஒரு தகரத்தைத் தரையில் வைக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நிமிர்ந்து என்னிடம், "எழுப்பீராதீங்க தம்பி. நான் அப்பறமா வந்து மாட்டிக்கறேன்" என்றார். போகும்போது கம்பியை மடியில் செருகிக்கொண்டார்.

அப்பறமா என்பது வரவேயில்லை. நான்தான் சீண்டிப் பார்ப்பேன். போர்டு மாட்ட எப்போது வருகிறீர்கள் என்று கேட்பேன். அது முழித்திருக்கும்போது வருகிறேன் என்பார். அதற்குள் பிசிறு தினமும் கீழே இறங்கிப் போய், அவர் பூண்டு உரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூங்கப் பழகியிருந்தது. வேலைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டினோம், நாயை அல்ல. தண்ணீர்க் கிண்ணம் நகராமல் இருக்க அந்தப் பலகைதான் தோதாக இருந்தது.

இப்போது அந்த அம்மா கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆறாவது மாடி. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறதாம், கேட் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லையாம். கீழ்ப் போர்ஷனில் வேறு குடும்பம் வந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடும்போது பிசிறு ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும், பிறகு மூடிக்கொள்ளும். முகவாயில் நரை விழுந்துவிட்டது, எனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா போன் செய்வார். முதலில் நாய், பிறகு என் மனைவி, கடைசியில் நேரமிருந்தால் நான்.

போன வாரமும் செய்தார். பேச்சு முடியும் சமயம், "அந்தப் போர்டு அங்கியேதான் கெடக்குதுங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா. வந்து எடுத்துக்கோங்க" என்றேன்.

"அது என்ன பண்ணுது இப்ப?"

வாசலைப் பார்த்தேன். "தூங்குதுங்க."

"அப்பச் செரி. அப்பறமா வர்றேனுங்க" என்றார்.

இதற்கு ஒரு நல்ல கிண்டல் என்னிடம் தயாராக இருந்தது. பிசிறு பலகையின்மேல் ஒரு காலைப் போட்டுப் புரண்டு படுத்தது. வாயை மூடிக்கொண்டேன்.