பெசிமுக்கு வழி சொன்ன பாட்டு

1999 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்கு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அடுக்குமாடி வாசலில் பிட்சா கடை வேன் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் கடைக்காரர் அகிம். பக்கத்தில் அவருடைய தங்கை திரிதா. நான் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்து நூவர்க் விமான நிலையம் இருபத்தைந்து மைல். வேன் முழுக்க வெந்த பூண்டு வாசனை. எங்கே போகிறோம் என்றால், டெக்சஸுக்கு, ஒரு பாட்டுப் போட்டிக்கு.

தூத்துக்குடிக்காரி ஒருத்திக்கு அல்பேனியப் பாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் மருந்துக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் சோதிப்பவள். சனிக்கிழமை காலையில் மட்டும் வயலினை எடுத்து அக்கம்பக்கத்தாரின் பொறுமையைச் சோதிப்பேன். ஒரு நாள் எதிர்க்கடை அகிம் கதவைத் தட்டினார். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரோ, "என் தங்கச்சி பாடுவா, நீங்க கூட வாசிக்கணும்" என்றார். அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த கிளாரினெட்காரர் வேலை கிடைத்து மிச்சிகன் போய்விட்டாராம். இப்படித்தான் நான் அல்பேனிய வித்வான் ஆனேன். அவர்கள் பேசியது உடைந்த ஆங்கிலம், நான் பேசியது தூத்துக்குடி ஆங்கிலம். இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.

பாட்டு திரிதா தானே கட்டியது. டாலஸ் பக்கம் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு அகிம் ஒலிநாடா அனுப்பியிருந்தார். அல்பேனிய மொழியில் அந்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு பிட்சா இனாம்.

மெட்டு எனக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டது. பொருள் பிடிபட இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. அதில் காதல் இல்லை, நிலா இல்லை. முழுக்க முழுக்க வழி சொல்கிற பாட்டு. பெசிம், நம் வீட்டுக்குப் போகாதே, கூரை விழுந்துவிட்டது. சாவி ரொட்டிக்கடைக்காரர் மனைவியிடம் இருக்கிறது. துறைமுகத்தில் என் மாமாவைக் கேள், தொலைபேசி எண் தருவார். நான் பெரிய தண்ணீருக்கு இந்தப் பக்கம், அண்ணன் வீட்டில் இருக்கிறேன். வரும்போது கனத்த கோட்டு எடுத்து வா, இங்கே குளிர்.

பெசிம் திரிதாவின் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை தேடி இத்தாலிக்குப் படகேறினார். படகு அந்தக் கரைக்கும் போகவில்லை, இந்தக் கரைக்கும் திரும்பவில்லை. அதன்பிறகுதான் அகிம் தங்கையை இங்கே வரவழைத்தார். போட்டியில் பரிசு கிடைப்பது பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. அரங்கில் பதிவாகும் ஒவ்வொரு பாட்டையும் அந்தந்த மொழி வானொலிக்கு அனுப்புவோம் என்று சங்கத்தார் எழுதியிருந்தார்கள். அல்பேனிய வானொலி இத்தாலியிலும் கேட்கும், கிரீஸிலும் கேட்கும். பெசிம் எங்கேயாவது ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் கேட்பார் அல்லவா? அதற்காகத்தான் அவள் பாட வந்தாள்.

விமானத்தில் பணிப்பெண் "காபி?" என்று கேட்டாள். திரிதா தலையை மேலும் கீழும் ஆட்டினாள். காபி வந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பேசாமல் குடித்தாள். பிறகுதான் சொன்னாள், அவள் ஊரில் அப்படி ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தமாம். பக்கவாட்டில் ஆட்டினால்தான் சரி. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் ஆட்டினாலும் எல்லா அர்த்தமும் வரும் என்றேன். நான் பார்க்க அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

டாலஸில் இறங்கும்போது வெயில். நியூ ஜெர்சியில் போட்டுக்கொண்ட கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். சுந்தரம் அங்கிள் மினிவேனுடன் காத்திருந்தார். சேலத்துக்காரர், பிளானோவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார், சங்கத்தில் தமிழர்களின் பிரதிநிதி. போட்டி மேடையில் அறிவிப்பாளரும் அவர்தான். பிளானோ வரை இருபத்தைந்து மைல், வழியெல்லாம் சுங்கச்சாவடி. ஒவ்வொன்றிலும் கண்ணாடியை இறக்கிச் சில்லறையைக் கூடையில் வீசுவார், வாய் மட்டும் ஓயாது.

"மீனா, நம்ம தமிழ் ஐட்டம் இந்த வருஷம் ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா. பரவாயில்ல, நீ வாசிக்கிறதால இதையே நம்ம ஐட்டமா எடுத்துக்கறேன். அந்தப் பொண்ணு சாம்பார் சாப்பிடுமா?"

திரிதா சாம்பார் சாப்பிட்டாள். ஆன்ட்டி அவள் தட்டில் மேலும் மேலும் போட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் மகள் ஏழாவது படிப்பவள், தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்னாள். திரிதாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலை ஒரு கல்லூரி அரங்கம். எழுநூறு பேராவது இருப்பார்கள். எங்களுக்கு முன்னால் கொரியர்கள், பின்னால் நைஜீரியர்கள். திரிதா பாடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வாய் திறக்க மாட்டாள், வெந்நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருப்பாள். நான் ஒலிவாங்கி விஷயமாக அரங்கின் பின்பக்கம் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து சுந்தரம் அங்கிள் அறிவிப்புக்கு நாலு வரி எழுத அவளிடம் போயிருக்கிறார். கணவர் படகில் போனவர் என்பது அவருக்குத் தெரியும். தயங்கித் தயங்கி, மரியாதையாகவே கேட்டிருக்கிறார், "உங்க ஹஸ்பண்ட் தவறிட்டாரா?" என்று. அவள் தலையை மேலும் கீழும் ஆட்டியிருக்கிறாள்.

எங்கள் தூத்துக்குடியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "ஏதும் தகவல் உண்டா?" என்பார்கள். பத்து வருஷம் கழித்தும் அதையேதான் கேட்பார்கள். சேலத்துக்காரருக்குக் கடற்கரைச் சங்கடம் எப்படித் தெரியும்?

நாங்கள் மேடைக்கு வந்து நின்றோம். நான் வயலினைத் தோளில் வைத்துவிட்டேன். சுந்தரம் அங்கிள் பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் வாசித்தார். அழகாகத்தான் வாசித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, கடலில் உயிர்விட்ட கணவரின் நினைவாக இந்த இளம் விதவை பாடுகிறார், ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம் என்றார்.

எழுநூறு பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் மடங்கும் சத்தம் பின்வரிசை வரை போய் ஓய்ந்தது. தலைகளைக் குனிந்துகொண்டார்கள். திரிதாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தலையை ஆட்டினாள். மேலும் கீழும், மேலும் கீழும், பலமாக. இல்லை, இல்லை, இல்லை என்கிறாள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துத் தானும் அதேபோல மெதுவாக ஆட்டினாள். அவள் பக்கத்திலிருந்தவரும் ஆட்டினார். அந்த அரங்கில் அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

பிறகு பாடினாள். நாங்கள் பழகியதைவிட வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் வில்லை இழுத்து இழுத்து ஈடுகொடுத்தேன். கோட்டு எடுத்து வா என்ற இடத்தில் குரல் மேலே போக வேண்டும். அது கீழே இறங்கியது. தெரிந்த இறக்கம்தான் அது, எங்கள் ஊர் இழவு வீடுகளில் நான் கேட்டது. எனக்கு மொழி தேவைப்படவில்லை. முடிந்ததும் மறுபடி எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

காரில் ஏறியதும் சுந்தரம் அங்கிளிடம் விஷயத்தைச் சொன்னேன். சாவியைப் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேட்டேனேம்மா. தலையாட்டினாளே. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" பெரிய மனிதர், ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். திரிதா பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் பண்ணினார். அறிவிப்பையும் மௌனத்தையும் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வானொலிக்கு அனுப்பலாம், சிரமமே இல்லை என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. திரிதாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"பேச்சை வெட்டலாம். என் குரலை எப்படி வெட்டுவாங்க?" என்றாள். "நேத்து நான் செத்தவங்களுக்குப் பாடற மாதிரி பாடிட்டேன். அவருக்கு என் குரல் தெரியும். அதைக் கேட்டா, நான் அவரைப் புதைச்சுட்டேன்னு நெனைப்பார். அப்புறம் ஏன் வருவார்?"

அப்படியானால் இங்கேயே புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம், அதை அனுப்பச் சொல்லி நான் பேசிக்கொள்கிறேன் என்றார் சுந்தரம் அங்கிள். வரவேற்பறையில் டேப் ரெக்கார்டரை வைத்தார். ஆன்ட்டி குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்கக்கூடாதென்று அதை அணைத்தார். திரிதா பாடினாள். கோட்டு வரியில் குரல் இறங்கியது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, மறுபடி பாடினாள். மறுபடி அதே இடம். மூன்றாம் முறை நான் மேல் ஸ்தாயியில் முன்கூட்டியே வாசித்துக் கைகொடுத்துப் பார்த்தேன். அவள் ஏறவே இல்லை. அந்த எழுநூறு பேரும் அவளுக்குள் இன்னும் எழுந்தே நின்றுகொண்டிருந்தார்கள். வில்லைக் கீழே வைத்துவிட்டேன்.

"அனுப்ப வேண்டாம்" என்றாள்.

சுந்தரம் அங்கிள் போனை எடுத்து, அல்பேனியப் பாட்டை விலக்கிக்கொள்கிறோம் என்று சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "ஃபேமிலி டிசிஷன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பும் விமானத்தில் நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. இவ்வளவு தூரம் வந்து, அத்தனை பாட்டுகளில் ஒன்றாகத் தேர்வாகி, கடைசியில் சேர வேண்டிய ஒரே ஆளுக்குச் சேராமல் போயிற்றே என்று எனக்கு ஆற்றாமை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள்: "கேட்காத வரைக்கும் அவர் வந்துட்டே இருக்கலாம்."

நூவர்க்கில் அகிம் கையில் பூங்கொத்தோடு நின்றார். பரிசுச் செய்தி அவருக்கு முன்னமே போயிருந்தது. திரிதா தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பூங்கொத்தை என் கையில் திணித்துவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வேன் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது.

வீட்டில் என் கணவர் ரசம் வைத்திருந்தார். அவர் ஈரோட்டுக்காரர். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"பிரைஸ் எல்லாம் சரி. அந்தப் பொண்ணோட புருஷன் நெஜமாவே இருக்காரா, இல்லையா?"

"இருக்காரு" என்றேன்.