ஆறு மாதம் துவைக்கக் கூடாத ஜீன்ஸ்

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. தென்னூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய துணிக்கடை ஒன்றில், எழுபத்தோரு வயதில் முதல் முறையாக ஜீன்ஸ் பகுதியில் நின்றேன். குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் அவர்கள் தரையைக் கெடுக்காமல் இருக்க அதை என் செருப்பின் மேல் ஊன்றிக்கொண்டேன்.

ஜீன்ஸ் எனக்கில்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் நண்பருக்கு. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் நான் முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். அவர் கணக்குப் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு பஞ்சகச்சமும் திருமண்ணுமாக, கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் சேர்ந்துவிட்டார். தினமும் நனைத்துப் பிழிந்து, யாரும் தொடாமல் உயரக் கொடியில் கோலால் தூக்கிப் போட்டு உலர்த்திய வேட்டியைத்தான் உடுத்துவார். என் சட்டை அவர் மேல் படாதபடி நானே ஒரு முழம் தள்ளி உட்காருவேன்.

ஜூலையில் அவருடைய இடது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை நோய்க்காரர். புண்ணோடு கோஷ்டிக்குப் போகக் கூடாது என்று அவரே நின்றுகொண்டார். நவம்பருக்குள் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், அடுத்த வியாழனுக்குள் சம்மதிக்காவிட்டால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டிவரும், அதற்கும் பிறகு என்றால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நண்பர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் மனைவி சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார். நானும் இரண்டு நாள் போய்ப் பேசினேன். உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

மூன்றாவது நாள் போனபோது தன் போனை என்னிடம் நீட்டினார். வீடியோவில் யாரோ ஒரு பையன் ஜீன்ஸைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். தறியிலிருந்து இறக்கிய துணியை ஒரு முறைகூட அலசாமல் அப்படியே தைப்பதற்கு ரா டெனிம் என்று பெயராம். முதலில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். போடப் போடத்தான் உடம்புக்கு இணங்கும். முட்டி மடங்குகிற இடத்தில் போடுகிறவனுடைய மடிப்பே வெளுத்துக் கோடாக விழும். வேறொருவர் முட்டிக்கு அந்தக் கோடு வராது. அது சரியாக விழ வேண்டுமென்றால் ஆறு மாதம் துவைக்கக் கூடாது.

"ஆறு மாசம் தீர்த்தமே காட்டப்படாதாம், ஓய்," என்றார் நண்பர். "எனக்கு இது ஒண்ணு வாங்கிண்டு வாரும். ஒரு நாள் போட்டுண்டு வாசல்ல நிக்கறேன். மறுநாள் கையெழுத்துப் போடறேன்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி, புத்தி பேதலித்துவிட்டது என்றார்.

"பேதலிக்கலை. எழுபது வருஷம் சுத்தமாவே இருந்து பாத்தாச்சு. அதோட லட்சணம்தான் தெரியறதே, காலைப் பாரு."

அதனால்தான் அந்தக் கடையில் நின்றேன். விற்பனைப் பெண் பேரனுக்கா என்று கேட்டாள். நண்பருக்கு, எழுபது வயது என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"அப்ப இது வேணாங்க சார். இழுபடுற துணி இருக்கு, உக்கார எந்திரிக்க ஈஸியா இருக்கும். இதை வாங்கிட்டுப் போறவங்க குத்துதுன்னு ஒரே வாரத்துல தூக்கிட்டு வந்துடறாங்க."

விலை 2,799. சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். வெளித் தையல் அங்குலத்துக்கு எட்டு, உள்தொடையில் ஆறரை. தொடையில்தான் முதலில் தேயும், அங்கேதான் குறைத்திருக்கிறார்கள். துணி முழுப் பருத்தி. கனம் குறையில்லை. கையில் எடுத்தால் ஈரக் கோணியைத் தூக்குவது போல இருந்தது. கட்டைவிரலால் பத்து முறை தேய்த்தேன். விரல் நீலமாயிற்று, அது குற்றமில்லை, இந்தத் துணியின் குணம். பையின் உள்துணி கொசுவலைக்குத் தங்கை. சில்லறை போட்டால் ஒரு வருடம் தாங்காது. இடுப்பு, உட்காரும் இடம், தொடை, முட்டி என்று பதினோரு இடத்தில் அளந்தேன். இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எட்டாயிரம் சொல்கிறார்கள் என்று முந்தின நாளே போனில் பார்த்திருந்தேன். அதற்கு இது மோசமில்லை. ஆனால் அந்தக் கணக்கு இரண்டு வருடம் போடுகிறவனுக்கு. ஒரு நாள் போட 2,799 என்றால் அது வேறு கணக்கு. யோசித்து வருகிறேன் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு வந்தேன். அன்று முழுவதும் யோசித்தேன். 999 ரூபாய்க்கு மெத்தென்று அலசிய ஜீன்ஸ் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தால் அவருக்கு வித்தியாசம் தெரியுமா என்றுகூட யோசித்தேன்.

ஞாயிறு காலை அவர் மனைவி போனில் கூப்பிட்டார். மூன்று நாளாக அந்த ஜீன்ஸ் பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டவர்.

"வாங்கிட்டேளா? நாலாவது விரலும் கறுக்கறது."

மழை வலுத்திருந்தது. கடை திறந்ததும் போய் 36 இடுப்பு ஒன்றை வாங்கி, பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் கால் மணி நேரம் நின்றது. பையை நனையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். துவைக்கக் கூடாத துணி மழையில் நனையலாமா கூடாதா என்று வீடியோவில் பேசிய அந்தப் பையன் சொல்லவில்லை.

நண்பர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலை விட்டார். சரசரவென்று போயிற்று. இடது பாதம் கட்டுப் போட்டுத் தலையணை மாதிரி இருந்தது. பாதம் நுழையவில்லை. முன்னால் தள்ளினோம், சாய்த்துப் பார்த்தோம். பதினோரு இடத்தில் அளந்தவன், பாதம் நுழைகிற கால் வாயை அளக்கவில்லை. கால் வாய் சுற்றளவு முப்பத்தெட்டு சென்டிமீட்டர். கட்டோடு சேர்த்துப் பாதம் நாற்பத்தாறு. லேபிள் கிழிபடவில்லை, போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். நண்பர் முகம் சுருங்கிவிட்டது. வலி வருகிறது என்று அவர் சொல்லவில்லை, நெற்றியில் வேர்த்திருந்தது.

"தையலைப் பிரியும்," என்றார்.

"பிரிச்சா கடையில எடுக்க மாட்டான், சாமி."

"யார் திருப்பிக் குடுக்கப் போறா?"

பிளேடு வீட்டில் இல்லை. தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். தரையில் உட்கார்ந்து, கீழ் மடிப்பை முதலில் பிரித்து, பக்கத் தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு முட்டி வரை போனேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் மனைவி தள்ளி நின்று விளக்கைப் பிடித்தார். அந்தத் துணியைத் தொட மாட்டேன் என்று சொன்னவர், நண்பர் எழுந்து நின்று, இடுப்புப் பட்டன் காஜாவுக்கு வராமல் திணறவே, வந்து தானே போட்டுவிட்டார். கைவிரலெல்லாம் நீலம். போய்க் கழுவிக்கொண்டார்.

நாலரைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேலே பூணூல், நெற்றியில் திருமண், கீழே ஜீன்ஸ், இடது கால் முட்டிக்குக் கீழே திறந்து இரண்டு பக்கமும் தொங்கியது. மழை விட்டிருந்தது. கோஷ்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், பல வருடமாக இவர் பக்கத்தில் உட்கார்ந்து சேவித்தவர், நின்றுவிட்டார்.

"என்ன ஸ்வாமி, இது என்ன வேஷம்?"

"வேஷம் இல்லை. நாளன்னிக்குப் பாதி போயிடும். முழுசா இருக்கறச்சே ஒரு தரம் பாத்துக்கும்."

வந்தவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். கோயில் பக்கம் நடந்தார். நண்பர் மேலும் கொஞ்ச நேரம் நின்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தால் முட்டி மடங்கும், கோடு விழுமே, அதுவும் வேண்டும்தான் என்று சொல்லி உட்கார்ந்தார். இருட்டும் வரை கழற்றவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது. செவ்வாய் காலை எடுத்தார்கள். முட்டிக்குக் கீழே என்று சொன்னபடியே முடிந்தது. டாக்டர் அதை நல்ல செய்தி மாதிரி வந்து சொன்னார். அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் தலையாட்டினேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் பார்க்கப் போனபோது அந்த ஜீன்ஸைத்தான் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார். மனைவி துவைக்கவில்லை. துவைக்கக் கேட்கவும் இல்லை. கோயில் போவதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. "இந்த இடது பக்கத்தைப் பாதியோட நிறுத்தித் தச்சுண்டு வாரும், ஓய். காத்தடிச்சா ஆடறது," என்றார்.

உறையூரில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்தேன். முட்டிக்குக் கீழே எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். தைக்கும்போது ஒரு ஊசி உடைந்தது. துணியைத் தடவிப் பார்த்து, தன் மகன் இந்த மாதிரி ஒன்று கேட்டு உயிரை எடுக்கிறான், வாங்கலாமா என்றார். துணி நல்லது, தையல் சுமார், பையின் உள்துணி மோசம், ரெண்டு வருஷம் விடாமல் போட்டால் கொடுத்த காசுக்குத் தகும் என்றேன். வலது முட்டிக்குப் பின்னால் மெல்லிசாக மூன்று கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. அறுத்த துண்டை மடித்து, இது வேணுங்களா என்றார். வேண்டாம் என்றேன்.

ஜீன்ஸ் 2,799, கடைப் பை 12, பிளேடு 5, பஸ்ஸும் ஆட்டோவும் 340, தையல் கூலி ஊசியோடு 150. ஆக மொத்தம் 3,306 ரூபாய்.