பழனி பேரில் வந்த சளி

பழனிக்கு முள்ளிப்பட்டில் தறி. இருபது வருஷமாக ஊரார் கல்யாணத்துக்குப் பட்டு நெய்தவன். 1997இல் அவன் மகள் சுகன்யாவுக்குப் போளூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இவன் இருமலைக் கேட்டுவிட்டு, டிபி இல்லை என்று ரிப்போர்ட் கேட்டார்கள். அப்படித்தான் ஆரணியில் நான் மைக்ராஸ்கோப் பார்க்கும் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

சளி பிடித்து வரக் கொடுத்த முதல் டப்பாவில் வெறும் எச்சில். சாயமேற்றிப் பார்த்தால் கன்னத்தின் உட்புறத்துச் செல்கள்தான். தட்டையாக, நடுவில் ஒரு உட்கருவோடு. நெஞ்சுச் சளி என்றால் சீழ் செல்கள் கும்பலாகத் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எச்சிலைத் துப்பிட்டுப் போனா ரிப்போர்ட் வந்துடுமா? காலைல எழுந்ததும் நெஞ்சிலேர்ந்து காறிக் கொண்டாய்யா" என்று விரட்டினேன்.

மறுநாள் கெட்டிச் சளி வந்தது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் காசநோய் பாக்டீரியா, எண்ணி மாளவில்லை. சொன்னதும் உண்மையைக் கக்கினான்.

"அது என்னுது இல்லீங்க. என் பொண்டாட்டி ஆதிலட்சுமியோடது. எனக்குத்தான் சீக்குன்னு பயந்துகினு, நல்லா இருக்கறவளோடத கொண்டாந்தேன்."

அவளைக் கூட்டி வா, உன் சளியையும் கொடு என்றேன். காலைப் பிடித்துக்கொண்டான்.

"என் பேர்லயே இருக்கட்டுங்க. எனக்குன்னா பீடியால வந்துச்சுன்னு சமாளிச்சுடுவேன். அம்மாக்காரிக்கு டிபின்னா பொண்ணுக்கும் இருக்கும்னு வுட்டுட்டுப் போயிடுவாங்க."

இளகிவிட்டேன், மடையன். ஒரு ஆளுக்கான மாத்திரையை மாதாமாதம் மொத்தமாக அவன் கையில் கொடுத்தோம். அவனுக்கும் இருமல் இருந்ததால் புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பாதிப் பாதியாக விழுங்கியிருக்கிறார்கள். அரைகுறை மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கடைசியில் முழு மருந்துக்கும் அசையாது. இதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

கல்யாணம் நடந்தது. அடுத்த ஆடியில் ஆதிலட்சுமி ரத்தமாக இருமிச் செத்தாள். தையில் பழனியும் போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்து சுகன்யா தன் சளியோடு வந்தாள், கூடவே மாமியார். அதே சிவப்புக் குச்சிகள்.

"அப்பாவுக்கு இருந்துச்சுன்னு தெரியும். அம்மாவுக்கும் இதானாங்க?" என்று கேட்டாள்.

மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சளி ரிசல்ட் எழுதும் பழைய நோட்டை எடுத்து விரித்துக் காட்டினேன். ஆதிலட்சுமி என்று ஒரு பேரே அதில் இல்லை.